தேதி போட்ட பூக்கள்

பிப்ரவரி மாதத்து இங்கிலீஷ் தோட்டத்தில் பார்ப்பதற்கு அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. ஈர மண். இலையில்லாத ஆப்பிள் மரம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற பகல். சுவரோரத்தில், சென்ற வருஷத்துச் சருகைத் தள்ளிக்கொண்டு விரற்கடை உயரத்துக்கு நாலு பச்சை முனைகள். இந்த நாலு முனைகளைப் பற்றி அவர்கள் இருநூற்று எண்பது வருஷத்துக்கும் மேலாகச் சளைக்காமல் எழுதிவருகிறார்கள். முக்கால்வாசி குப்பை. மீதிக் கால்வாசி நல்ல எழுத்தாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. இனிப் போகிற உத்தேசமும் ஒரு வங்கிக் குமாஸ்தாவின் சம்பளச் சீட்டில் தெரியவில்லை. ஆகவே அந்தத் தோட்டங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியங்களைப் பற்றிச் சொல்லலாம். அதற்கு விமான டிக்கெட் வேண்டாம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நண்பர் ஒருவர், ஆறு மாதமாக என் பையில் டாரதி வேர்ட்ஸ்வொர்த்தின் நாட்குறிப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு, "பூப் பார்க்கிற காலமாய்யா இது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. டீ குடித்துவிட்டுப் பிரிந்துவிட்டோம். இந்தக் கட்டுரை அவருக்கு.

பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு அந்த டாஃபடில்ஸ் கவிதை பாடம். மஞ்சள் பூ என்றார் ஆசிரியர். செவ்வந்தி மாதிரியா சார் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். கிட்டத்தட்ட என்றார் அவர். அவரும் பார்த்ததில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. வகுப்பு முழுவதும் மனதில் செவ்வந்தியை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினோம். எனக்கு நல்ல மார்க். ஒரு பூவைப் பற்றி எதுவுமே தெரியாமல், அந்தப் பூ மனித ஆத்மாவுக்குச் செய்கிற உபகாரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுத முடிந்திருக்கிறது. குறை மாணவனிடமா கவிதையிடமா என்ற கேள்வி அப்போது எழவில்லை.

கோளாறு பூவோடு நிற்கவில்லை, பருவத்திலும் இருக்கிறது. 'ஸ்பிரிங்' என்றதும் 'வசந்தம்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. வசந்தம் என்றால் நமக்குத் தென்றல், மாந்தளிர், குயில், கரும்பு வில்லோடு மன்மதன். நம் ஆறு பருவங்களில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வெயில் ஏறத் தொடங்கிவிட்ட காலம். அவர்களுடைய முன்வசந்தம் பிப்ரவரியும் மார்ச்சும். நம் கணக்கில் மாசி, பங்குனி. அதற்குத் தமிழ் வைத்திருக்கிற பெயர் பின்பனி. சரியான சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்க, நாம் எட்டிப் போய்த் தப்பான சொல்லைப் பறித்திருக்கிறோம். அந்தத் தோட்டத்துச் சந்தோஷத்தில் பாதி, பனி இன்னும் போகவில்லை என்பதில்தான் இருக்கிறது. குயில் விஷயமும் இதேதான். நம் குயில் வருஷம் முழுவதும் இங்கேயே கிடக்கிற பறவை. அவர்களுடைய குக்கூ ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்கிற வேறொரு பறவை. முன்வசந்தத்தில் அது ஊரிலேயே இல்லை. மொழிபெயர்ப்புகளில் மட்டும் பிப்ரவரியிலேயே கூவிவிடுகிறது.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. 1967 ஜூலையில் பீகிங்கின் மக்கள் தினசரி, நக்சல்பாரியை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று வர்ணித்தது. பிறகு பத்துப் பதினைந்து வருஷத்துக்குத் தமிழ்க் கவிதையில் வசந்தம் வந்துகொண்டே இருந்தது. நாளை வரும், நிச்சயம் வரும், வந்தே தீரும். பின்தேதி போட்ட செக் மாதிரி கைமாறிக்கொண்டிருந்த சொல் அது. அதை எழுதியவர்களின் கோபத்தையோ நேர்மையையோ நான் சந்தேகிக்கவில்லை. அந்த வசந்தத்தில் ஒரு பூவுக்காவது பெயர் இருந்ததா என்றுதான் கேட்கிறேன். இருபத்திரண்டு வயதில் நானும் அப்படி ஒன்று எழுதி, அச்சாகியும் இருக்கிறது. பத்திரிகை நின்றுவிட்டது. பிரதி யாரிடமும் இல்லை என்று நம்புகிறேன்.

இந்தப் பின்னணியில்தான் ராபர்ட் மார்ஷம் எனக்கு ஒரு அதிர்ச்சியாக இருந்தார். நார்ஃபோக் மாவட்டத்து நிலச்சுவான்தார். மரம் நடுவதில் பித்து. 1736இல் தன் பண்ணையில் வசந்தத்தின் அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் வைக்க ஆரம்பித்தார். ஸ்னோடிராப் பூத்தது, த்ரஷ் பாடியது, காகங்கள் கூடு கட்டத் தொடங்கின, தவளை கத்தியது, இன்ன மரம் இலை விட்டது, எதிரே தேதி. இப்படி இருபத்தேழு இனங்கள். 1789இல் ராயல் சொஸைட்டி அந்த அட்டவணையை அச்சிட்டது. 1797இல் அவர் செத்துப்போனார். பட்டியல் சாகவில்லை. மகன், பேரன் என்று குடும்பம் அதை 1958 வரை இழுத்துக்கொண்டு போயிற்று. 1752 செப்டம்பரில் பிரிட்டன் பஞ்சாங்கத்தை மாற்றியபோது 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதியாகிவிட்டது. அதற்கு முந்திய மார்ஷமின் ஸ்னோடிராப்களுக்கெல்லாம் பதினோரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். என் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்த மாதிரி விஷயம் தருகிற சந்தோஷத்தைக் கவிஞர்களுக்கு விளக்க முடியாது.

ஆனால் மார்ஷமை இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வருஷம் எவன் குனிந்து பார்ப்பான்? அந்தச் சந்தோஷம் காகிதத்தில் இறங்கவில்லை. தேதி இறங்கியிருக்கிறது. தேதியில்லாத வசந்தம் ஒரு கோடி என்றால், தேதி மட்டுமேயான வசந்தம் மறு கோடி.

கில்பர்ட் ஒயிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற கிராமம். பாதிரியார். பிரம்மச்சாரி. 1751இல் ஒரு தோட்டக் குறிப்பேடு தொடங்கி, பிறகு அதை இயற்கை நாட்குறிப்பாக விரித்து, 1793இல் சாகிற வரைக்கும் எழுதினார். அவருடைய முன்வசந்தத்தில் முதலில் வருவது பூ வாசனை இல்லை, எரு வாசனை. வண்டி வண்டியாகச் சூடான எருவைக் கொட்டிப் பாத்தி கட்டி, அந்தச் சூட்டில் வெள்ளரியும் முலாம்பழமும் முளைக்க வைப்பதற்கான ஏற்பாடுகள். பனிக்காலத்தை ஏமாற்றுகிற விவகாரம். எத்தனை வண்டி, எந்தத் தேதி, எப்போது சூடு தணிந்தது என்பதெல்லாம் இருக்கிறது. வசந்தம் என்பது வானத்திலிருந்து இறங்குவது என்ற பாவனையே அங்கே இல்லை. யாரோ வண்டி தள்ளியிருக்கிறார்கள். அந்த யாரோ ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியும்: தாமஸ் ஹோர் என்ற ஊழியர். எஜமானர் ஊரில் இல்லாத நாட்களில் மழையை அளந்து குறித்து வைத்தவர். பூவை ரசிக்க ஓய்வு வேண்டும், அந்த ஓய்வை யாராவது உழைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் நண்பரின் கேள்விக்குள் ஒளிந்திருந்த இன்னொரு கேள்வி. ஒயிட்டின் புத்தகம் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேள்வியை மறைக்கவும் இல்லை. வண்டி எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

ஒயிட்டிடம் திமத்தி என்ற ஆமை இருந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். அது அவருடைய அத்தை வளர்த்தது. அத்தை இறந்த பிறகு, 1780 மார்ச்சில், மண்ணுக்குள் பனித்தூக்கத்தில் இருந்ததைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் எண்பது மைல் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் அது விழித்துக்கொண்டது. தோட்டத்தில் விட்டதும் கோடி வரைக்கும் இரண்டு தடவை நடந்தது. சாயங்காலம் குளிர் கூடியதும் மறுபடி மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. முன்வசந்தத்தைப் பற்றி நான் படித்ததில் இவ்வளவு துல்லியமான சித்திரம் வேறு இல்லை. வந்ததும் வராததுமாக இருக்கிற பருவம் அது. ஒயிட் இதை உவமையாக்கவில்லை. இதற்குப் பிறகு மனித வாழ்வும் இப்படித்தான் என்று ஒரு வரி நம்மவர் யாராயிருந்தாலும் சேர்த்திருப்பார்கள். (திமத்தியை ஆண் என்றே எண்ணியிருந்தார்கள். ஓடு இன்று லண்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்ததில் பெண் என்று தெரிந்தது.)

ஒயிட்டிடம் கோணலும் உண்டு. ஸ்வாலோ பறவைகள் குளிர்காலத்தில் தெற்கே போய்விடுகின்றன என்பதை அவர் முழு மனதோடு ஏற்கவில்லை. சிலவாவது பக்கத்திலேயே எங்காவது பொந்தில் தூங்கிக்கொண்டிருக்கும் என்று கடைசி வரை தேடினார். ஒரே மாதிரி இருக்கும் மூன்று சிறு பறவைகளைப் பாட்டை வைத்தே மூன்று இனங்கள் என்று பிரித்துச் சொன்ன காது அவருடையது. அந்த மூன்றில் ஒன்றான சிஃப்சாஃப்தான் மார்ச்சில் வந்து பருவத்தைத் திறந்துவைக்கிற பறவை. அப்பேர்ப்பட்ட காதுள்ள மனிதரே தான் விரும்பியதைத் தேடிக்கொண்டிருந்தார். பார்ப்பதும் விரும்புவதும் ஒரே கண்ணில்தான் நடக்கின்றன, பிரிப்பது லேசில்லை.

விரும்புவது மட்டும் மிஞ்சிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்னோடிராப் சேகரிப்பாளர்களே சாட்சி. அந்தப் பூ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். உள்ளிதழில் இருக்கும் பச்சைக் கோட்டைப் பார்க்க வேண்டுமானால் மண்டியிட்டு, விரலால் முகத்தை நிமிர்த்த வேண்டும். மண்டியிடுகிற வரைக்கும் சரி. பச்சைக் கோடு ஒன்றா இரண்டா, கோட்டுக்குப் பதில் மஞ்சளா என்று வித்தியாசம் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கில் பெயர் வைத்து, 2022இல் ஒரே ஒரு கிழங்கு ஏலத்தில் 1,850 பவுனுக்குப் போயிற்று. என்ஃபீல்டில் தோட்டம் வைத்திருந்த ஈ. ஏ. போல்ஸ் 1914இல் தன் வசந்தகாலத் தோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவருக்கும் சேகரிப்புப் பைத்தியம் இருந்தது. கூடவே நகைச்சுவையும் இருந்ததால் தப்பித்தார். கோணல்மாணலாக வளர்கிற செடிகளுக்கென்றே ஒரு மூலை ஒதுக்கி அதற்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்த மனிதரை ஒரேயடியாக நிராகரிக்க எனக்கு மனம் வரவில்லை.

லெனார்ட் உல்ஃப் வேறு ஜாதி. 1904இல் இலங்கை சிவில் சர்வீசுக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்து, தமிழ் படித்து, பிறகு கண்டி, அம்பாந்தோட்டை என்று மாற்றலாகி, 1911இல் விடுப்பில் ஊர் திரும்பி, மறு வருஷம் ராஜினாமா செய்தவர். அம்பாந்தோட்டையில் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. உப்பு, மாட்டு வியாதி, வரி. 1919இல் அவரும் வர்ஜீனியாவும் ஸஸ்ஸெக்ஸில் ராட்மெல் கிராமத்து வீட்டை 700 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். வீட்டை வர்ஜீனியா எழுதினார் என்றால் தோட்டத்தை லெனார்ட் எழுதினார் எனலாம்.

1967இல் வந்த அவருடைய சுயசரிதைப் பகுதி ஒரு தோட்டச் சம்பவத்தோடு முடிகிறது. யுத்தத்துக்கு முந்திய நாட்களில் ஒரு பிற்பகல். ஆப்பிள் மரத்தடியில் அவர் ஐரிஸ் ரெட்டிகுலாட்டா நட்டுக்கொண்டிருக்கிறார். முன்வசந்தத்தில் பூக்கிற, ஊதா நிறத்துக் குட்டை ஐரிஸ். ரேடியோவில் ஹிட்லர் பேசுவதாக வர்ஜீனியா ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறார். வரமாட்டேன், நான் நட்டுக்கொண்டிருக்கிறேன், ஹிட்லர் செத்து ரொம்ப காலம் கழித்தும் இவை பூக்கும் என்று இவர் பதிலுக்குக் கத்துகிறார். 1966 மார்ச்சில், ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டு இருபத்தோரு வருஷம் கழித்து, அவற்றில் சில இன்னும் அதே மரத்தடியில் பூத்தன என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்.

இந்தச் சம்பவத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் நம்பிக்கையின் சின்னம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் அவர் சொல்லாமல் விட்டதுதான் பெரிதாகத் தெரிகிறது. வர்ஜீனியா ஊஸ் நதியில் இறங்கியது 1941 மார்ச் 28ஆம் தேதி. முன்வசந்தம். அந்த மாதமும் மரத்தடியில் ஐரிஸ் பூத்துத்தான் இருக்க வேண்டும். அஸ்தியை அவர் புதைத்தது அதே தோட்டத்தில், ஓர் எல்ம் மரத்தடியில். ஹிட்லரை மிஞ்சிய பூ, ஜன்னலில் நின்று கூப்பிட்டவரையும் மிஞ்சிவிட்டது. இரண்டாவதை எழுதினால் முதலாவது வெறும் சவடாலாகிவிடும் என்று விட்டாரா, எழுத முடியாமல் விட்டாரா என்று தீர்மானிக்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்தப் பூ எதற்கும் பதிலாகப் பூக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்ததால்தான் வாக்கியம் அவ்வளவு வறண்டிருக்கிறது. மரத்தின் பெயர், பூவின் பெயர், மாதம், வருஷ வித்தியாசம். விசும்பல் இல்லை.

இப்போது தொந்தரவான பகுதிக்கு வருகிறேன். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பிரிட்டனில் 406 தாவர இனங்களின் முதற்பூவைப் பற்றிய நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 1753 முதல் 1986 வரை ஒரு சராசரி. 1987 முதல் 2019 வரை ஒரு சராசரி. இடையில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மாதம். பூக்கள் ஒரு மாதம் முந்திக்கொண்டுவிட்டன. காரணம், பூமி சூடாகிறது. முந்திப் பூத்ததைப் பின்னால் வருகிற உறைபனி கருக்கிவிடும். பூ திறந்திருக்கிற நாளில் பூச்சி இன்னும் எழுந்திருக்காது. பூச்சி எழுகிறபோது பூ இருக்காது.

இதை வாசித்ததிலிருந்து அந்தப் பழைய நாட்குறிப்புகளில் 'இந்த வருஷம் சீக்கிரமே' என்கிற தோரணையில் ஒரு குதூகலம் வரும் இடங்களில் என்னால் சாதாரணமாக உட்கார முடியவில்லை. முன்வசந்தத்து ரசனையின் ஜீவநாடியே 'சீக்கிரம்' என்பதுதான். அண்டை வீட்டானுக்கு முந்தி நம் வீட்டில் பூத்தது, சென்ற வருஷத்துக்கு முந்தி இந்த வருஷம் பூத்தது. இப்போது அந்தச் 'சீக்கிரம்' வியாதியின் அடையாளமாகிவிட்டது. ஜனவரி வெயிலில் டாஃபடில் மொட்டைப் பார்த்து ஒரு கிழவர் முகம் மலர்ந்தால், அவர் ஜுரத்தைப் பார்த்து மலர்கிறார் என்று அர்த்தமா? அறிகுறி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பக்கமும் உண்டு. நல்லது வருவதற்கும் அறிகுறி, நோய்க்கும் அறிகுறி.

பூவை ஏதோ ஒன்றின் அறிகுறியாக மட்டுமே ரசித்தவனுக்கு இனிக் கதி கிடையாது. மார்ஷமுக்கு அது பருவத்தின் அறிகுறி. மேற்கோள்காரர்களுக்கு நம்பிக்கையின் அறிகுறி. நம் எழுபதுகளுக்குப் புரட்சியின் அறிகுறி. இப்போது பேரழிவின் அறிகுறி. மூன்று நூற்றாண்டாகப் பூ எதையாவது அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சும்மா விட்டுப் பார்த்தவர் யார் என்று தேடித்தான் நான் டாரதியிடம் போய்ச் சேர்ந்தேன்.

கிராஸ்மியரில் அண்ணனும் தங்கையும் 1799 டிசம்பரில் குடியேறிய சின்ன வீட்டின் பின்னால் சரிவான தோட்டம். அதில் அவர்கள் நட்டதில் பலவும் பக்கத்துக் காட்டிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் பெயர்த்துவந்தவை. ஆகையால் தோட்டத்துக்கும் வெளிக்கும் அங்கே வேலி அவ்வளவு கனம் கிடையாது. 1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருந்த நண்பர் வீட்டிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். ஏப்ரல் நடு என்றாலும் அது வடக்கு, மலைப்பிரதேசம். பருவம் அங்கே பிந்தித்தான் வரும். மூச்சை அடைக்கிற காற்று. திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். படகுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் ஒதுங்குகிறார்கள். பர்ச் மரக் கிளைகளில் பச்சையைவிட ஊதாதான் இன்னும் அதிகம் என்று டாரதி குறித்துக்கொள்கிறார். வழியில் பார்த்த பூக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு மஞ்சள் பூவுக்கு, தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொன்ன பெயரையே, அவர் சொன்னது என்றே எழுதுகிறார்.

பிறகு கோபாரோ தோப்பைத் தாண்டியதும் டாஃபடில்கள். முதலில் தண்ணீர் ஓரத்தில் சில. ஏரி விதையை ஒதுக்கியிருக்கும் போலிருக்கிறது என்று ஊகிக்கிறார். நடக்க நடக்க இன்னும் சில. கடைசியில் கரை நெடுக, ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு. சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லின்மேல் தலை சாய்த்திருக்கின்றன. மற்றவை காற்றில் தள்ளாடிக் கூத்தாடுகின்றன. கூட்டத்தை விட்டு மேலே ஒதுங்கி நிற்கிற ஒன்றிரண்டையும் விடாமல் சொல்லிவிடுகிறார். மழை வருகிறது. நடக்கிறார்கள்.

வில்லியம் தன் கவிதையை எழுதியது 1804இல், அச்சிட்டது 1807இல், திருத்தி ஒரு பத்தி சேர்த்தது 1815இல். அந்தக் கவிதையில் தேதி இல்லை. மழை இல்லை. களைத்த பூ இல்லை. மூச்சடைக்கிற காற்று இளங்காற்றாகிவிட்டது. முக்கியமாகத் தங்கை இல்லை. கவி தன்னந்தனியாக அலைகிறார். சிலவாகத் தொடங்கிச் சேர்ந்துகொண்டே போன பூக்கள் ஒரே பார்வையில் பத்தாயிரமாகிவிட்டன. எந்தக் கேஷியரும் இந்த எண்ணிக்கையில் கையெழுத்துப் போட மாட்டான். அதில் மிக உயர்ந்த இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று வில்லியமே சொல்லியிருக்கிறார். அந்தத் தனிமைக்கு இரண்டு பெண்கள் கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

வில்லியமைக் குறைத்துப் பேசுவது இன்றைக்குச் சுலபம். அதை நான் செய்யவில்லை. பார்த்தது உள்ளே போய், நாளாகி, வேறொரு சக்தியாகத் திரும்பி வருவதைப் பற்றிய கவிதை அது. அந்த விஷயம் நிஜம். ஆனால் அதன் அமைப்பு எனக்கு மிகவும் பரிச்சயமானது. தினமும் கவுண்ட்டரில் பார்க்கிறேன். ஒரு நாள் போட்டுவைக்கிறார்; போட்டது எவ்வளவு பெறும் என்று அப்போது உணரவில்லை என்கிறார்; பிறகு வீட்டில் சாய்ந்துகொண்டு வட்டியை எடுத்து அனுபவிக்கிறார். செல்வம் என்ற பொருளில் ஒரு சொல்லையே போட்டிருக்கிறார். ஃபிக்ஸட் டெபாசிட். நாங்கள் பி.ஏ.யில் படித்தது அந்த வட்டியைத்தான். முதல் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. டாரதியின் நாட்குறிப்பு ஓரளவுக்கு அச்சில் வந்ததே 1897இல், அவர் இறந்து நாற்பத்திரண்டு வருஷம் கழித்து. எங்கள் பாடத்திட்டத்துக்கு அது வரவே இல்லை.

என் நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்குறிப்பில் பூ மட்டும் இருக்கவில்லை. வாசலுக்கு வந்த பிச்சைக்காரிகள், அட்டை பிடித்துப் பிழைக்கிற கூன் கிழவர், யுத்தத்திலிருந்து திரும்பி வேலையில்லாமல் நடக்கிற சிப்பாய்கள், குழந்தைகளைப் புதைத்த பெண்கள் எல்லாரும் பூக்களுக்கு அடுத்த வரியில் வருகிறார்கள். எவ்வளவு கொடுத்தோம் என்பதும் பல இடத்தில் இருக்கிறது. ஒன்றைப் பார்க்கிற கண்தான் மற்றதையும் பார்க்கிறது; இரண்டுக்கும் அவர் குரலை மாற்றிக்கொள்வதில்லை. பூ வந்த இடத்தில் குரல் குழைந்து, பிச்சைக்காரி வந்த இடத்தில் கனத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். பூப் பார்க்கிற காலமா என்றால், 1802ம் அப்படியொன்றும் பூப் பார்க்கிற காலமாக இருந்ததில்லை. பிரான்சோடு ஒன்பது வருஷம் நடந்த சண்டை அந்த மார்ச்சில்தான் ஒரு ஒப்பந்தத்தில் நின்றிருந்தது. அதுவும் அடுத்த வருஷமே முறிந்துவிட்டது.

அன்றைய குறிப்பு டாஃபடில்களோடு முடிந்துவிடவில்லை. என் கையில் இருக்கும் கல்லூரித் துணைநூலில் அந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் இலக்கியம் இல்லை என்று நினைத்திருப்பார்கள். முழுப் பதிப்பில் இருக்கிறது. நனைந்துபோய் ஒரு சத்திரத்துக்கு வந்து சேருகிறார்கள். துணி மாற்றிக்கொள்கிறார்கள். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பாடு, நன்றாக இருந்தது. அண்ணன் ஜன்னலோரத்தில் கிடந்த புத்தகங்களைக் குடைந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஆளுக்கொரு கிளாஸ் ரம், வெந்நீர் கலந்து. சந்தோஷமாக இருந்தோம், மேரியும் இருந்திருக்கலாம் என்கிறார். கிளம்பும்போது பில் ஏழு ஷில்லிங். கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறார்.